கீலுக்கு எண்ணெய்

கிரீச்.

மறுபடியும் கேட்டது.

அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. வலது கால் பெடலை அழுத்தியது. சங்கிலி இழுபட்டது. கம்பியின் உருண்டைத் தலை முன்னே பாய்ந்து பேஸ் டிரம்மில் பட்டது. ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

கிரீச்.

அடி விழும்போது இல்லை. கால் மேலே வரும்போது.

ஹெட்ஃபோனில் பாட்டு நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"பெடல் கத்துது," என்றார் அவள் காதுக்குள். "பாய், உள்ள போய் என்னன்னு பாருங்க. இன்னும் ஒரு டேக் பார்ப்போம். வரலைன்னா கால் அடிக்கிற கிக்கை நான் கீபோர்டுல போட்டுக்கறேன். அவங்க கை மட்டும் வாசிச்சாப் போதும்."

கை மட்டும்.

போன ஸ்டுடியோவிலும் இதைத்தான் சொன்னார்கள். அங்கே அவள் காலைப் பார்த்த பிறகு சொன்னார்கள். மிகவும் அன்பாகச் சொன்னார்கள். நீங்கள் சிரமப்பட வேண்டாம், காலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று.

அதன் பிறகு கைக்கும் கூப்பிடவில்லை.

இங்கே யாருக்கும் தெரியாது. வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவள் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றவில்லை. பேண்ட் தரையைத் தொடும் நீளம். உள்ளே ஏசி குளிரும் என்று, யாரும் கேட்காமலே சொல்லிவைத்தாள்.

உட்காரும்போது பெடலைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலால் மிதிக்கப் போகிற கருவி. அதைப் பார்த்த இசையமைப்பாளருக்கு அவளைப் பிடித்துப்போனது. அது முகத்தில் தெரிந்தது.

காலையில் மழை. பஸ் நிறுத்தத்திலிருந்து தேங்கிய தண்ணீரில் நடந்து வந்தாள்.

முழங்காலுக்குக் கீழே அவள் மாட்டியிருக்கும் காலுக்கும் ஒரு கீல் உண்டு. கணுக்காலில். தண்ணீர் அதற்கு ஆகாது.

முதல் கிரீச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாட்டின் தொடக்கத்தில் கிக் மட்டும்தான். வேறு கருவி இல்லை, குரல் இல்லை. மெதுவான அடி. அடிக்கும் அடிக்கும் நடுவே நீளமான அமைதி.

ஒளிந்துகொள்ள இடமில்லை.

கனமான கதவைத் தள்ளிக்கொண்டு யூனுஸ் பாய் வந்தார். சவுண்ட் இன்ஜினியர். நரைத்த தாடி. கையில் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்.

"காலைக் கொஞ்சம் எடும்மா."

கணுக்கால் அசையாதபடி, தொடையிலிருந்து அப்படியே தூக்கி எடுத்தாள்.

அவர் மண்டியிட்டார். பெடலின் குதிகால் பக்கத்துக் கீலில் ஒரு சொட்டு விட்டார். சங்கிலி சுற்றும் பல்சக்கரத்தில். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கியில். வழிந்ததைத் துணியால் துடைத்தார். உள்ளங்கையால் பெடலை அழுத்தி விட்டார்.

சத்தமில்லை.

"இப்ப மிதி."

மிதித்தாள். விட்டாள்.

கிரீச்.

அவள் காலை எடுத்ததும் அவர் மறுபடியும் கையால் அழுத்தினார். காதைப் பெடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அழுத்தி விட்டார். அழுத்தி விட்டார்.

ஒன்றுமில்லை.

நிமிரவில்லை. அவர் பார்வை சாக்ஸில் இருந்தது. பெடலுக்குப் பக்கத்தில் அது ஒரு பலகை போலக் கிடந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் அசையவில்லை.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் கேட்டது. "கிடைச்சுதா பாய்?"

அவள் கைக்குள் குச்சிகள் வழுக்கின.

டிரம்முக்கு முன்னால் நின்ற மைக்கின் பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார்.

"கிடைச்சிருச்சு சார்."

"என்னது?"

பாய் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். எழ நேரமெடுத்தார்.

"கீல் சார். காஞ்சு போயிருக்கு. ரெண்டு நிமிஷம் குடுங்க."

எண்ணெய்க் குப்பியை அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார். கைக்கு எட்டும் இடம். மூடி திறந்தே இருந்தது.

பிறகு பேஸ் டிரம்மின் மேல் கிடந்த கம்பளியை எடுத்தார். மற்ற சத்தம் மைக்கில் கலக்காமலிருக்கப் போர்த்தி வைத்த பெரிய கம்பளி. கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றார். முதுகை அவளுக்குக் காட்டி, இரண்டு கைகளையும் அகலமாக விரித்து, அதை உதறினார்.

கண்ணாடி மறைந்தது.

அவள் குனிந்தாள். பேண்டின் விளிம்பைப் பிடித்தாள். பிடித்தபடி ஒரு கணம் இருந்தாள்.

"என்ன பாய், துணி காயப்போடறீங்களா?" ஸ்பீக்கர் சிரித்தது.

"மடிப்பு சரியா விழல சார்."

பாதி மடித்தார். பிரித்தார். மறுபடியும் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். கனமான கம்பளி. கையை இறக்கவில்லை.

அவர் திரும்பவில்லை.

பின்னால், தூக்கிய பேண்ட் துணி மறுபடியும் மெல்லக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் குப்பியின் மூடியைத் திருகி மூடும் சத்தம்.

அப்புறம் ஒரே ஒரு அடி. அதைத் தொடர்ந்து, ஸ்பிரிங் பின்னால் இழுத்துக்கொள்ளும் அந்த இடைவெளி.

அதில் எதுவும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் பாய், கம்பளியிடம் சொல்வதுபோல.

அடித்தாள். விட்டாள்.

அவர் கையை இறக்கினார். கம்பளியை நாலாக மடித்தார்.

மடிப்பு ஒரே தடவையில் விழுந்தது.