வண்டு
வானொலி நிலையத்தின் முதல் ஒலிபரப்புக்கு அரைமணிதான் இருக்கிறது. பொறியாளரின் திரையில் ஒலியைக் காட்டும் பச்சை அலை இன்னும் எலி கொறித்த பாயின் ஓரம் போலப் பிசிறடிக்கிறது. மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்தியும் காதுக்குள் ‘ஙொய்’ என்ற இரைச்சல் விட்டபாடில்லை. “அண்ணி, வண்டு இன்னும் போகலையே!” என்கிறாள் கண்ணாடிக்கு அப்பால், மைக் முன் உட்கார்ந்திருக்கும் அவளுடைய நாத்தனார். வியர்வையைத் துடைத்த பொறியாளரின் கை மேசை விளக்கின் திருகில் படுகிறது. அலை தெளிவாகத் தெரியட்டும் என்று காலையில் அவளே மங்கலாக்கி வைத்த விளக்கு. வெளிச்சத்தைக் குறைக்க மின்சாரத்தை அரிந்து அரிந்து அனுப்பி, பக்கத்துக் கம்பிகளில் இரைச்சலை ஏற்றுகிற திருகு. சட்டென்று அணைக்கிறாள். வண்டு போன இடம் தெரியவில்லை, கோடு வழவழவென்று ஓடுகிறது. “அடப்பாவி, நீதானா?” என்று விளக்கைத் திட்டுகிறாள். “அதைக் குறைச்சு வச்சது யாரு அண்ணி?” என்று கேட்டுவிட்டு நாத்தனார் விழுந்து விழுந்து சிரிக்க, இருட்டில் பச்சை அலை ஒரு பிசிறும் இல்லாமல் அந்தச் சிரிப்பு மாதிரியே புடைத்துப் புடைத்துக் குலுங்குகிறது.