ஐந்தாவது பெயர்

சிவப்புத் தூணில் ஐந்து பெயர்கள் இருந்தன. முதல் நான்கு பேரும் போலீஸ் சுட்டதில் செத்தவர்கள். ஐந்தாவது பெயர் செம்பரிதி. அவன் போலீஸின் உளவாளியாக இயக்கத்துக்குள் போனபோது அங்கே அவனுக்கு வைத்த பெயர் அது. நால்வரும் ஒளிந்திருந்த இடத்தைச் சொன்னவன் அவன்தான். வேலை முடிந்ததும், அவனையும் சுட்டு ஆற்றில் வீசிவிட்டதாகப் போலீஸே வதந்தி கிளப்பியது. இயக்கம் அதை நம்பி, அவன் பெயரையும் தூணில் எழுதியது.

தியாகிகள் நாளில் தூணுக்கு யார் யார் வருகிறார்கள் என்று குறித்துவர ஆண்டுதோறும் போலீஸார் அவனைத்தான் அனுப்பினார்கள். இயக்கத்தில் அவன் முகம் தெரிந்தவர்கள் செத்துப்போன அந்த நால்வர் மட்டும்தான். இந்த ஆண்டும் வந்திருந்தான். பனி விலகாத காலையில் தூண் தண்ணீருக்குள் நிற்பதுபோல் மெல்ல அசைந்தது. ஒவ்வொரு பெயராக வாசிக்க, கூட்டம் “வீரவணக்கம்!” என்றது. ஐந்தாவது பெயருக்கு அவன் உதடும் அசைந்துவிட்டது.

முதல் பெயருக்கு உரியவரின் மனைவி அன்னக்கிளி அதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து ஒரு சாமந்தியை நீட்டினாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு நான் இருக்கேன். இந்த அஞ்சாவது தோழருக்குத்தான் சொந்தம்னு ஒருத்தரும் வந்ததில்ல. நீங்க வைங்கண்ணே.”

வைத்தான்.

“உங்க பேரு என்னண்ணே?”

எத்தனையோ பொய்ப் பெயர்களில் வாழ்ந்தவன். அப்போது அவன் வாயில் தூணிலிருந்த அந்த ஐந்தாவது பெயர் மட்டும்தான் வந்து நின்றது.