நாலு பக்க ரப்பர்

நேற்றுவரை அந்த ரப்பருக்குத் தப்பை அழிப்பதுதான் பிழைப்பு. இன்று ஹேமாவதி, இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு நிகழ்தகவுக் கணக்குகள் போட்டுப் பழகும்போது, நாலு விடைகளில் எது என்று தெரியாமல் அதன் நாலு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று எழுதி உருட்டிவிட்டாள். 'சி' விழுந்தது. சரியான விடை! அடுத்த கணக்குக்கு 'ஏ' விழுந்தது. அதுவும் சரி!

ரப்பருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா பென்சிலு? நீ பக்கம் பக்கமா கிறுக்குறே. நான் ஒரே ஒரு குட்டிக்கரணம்தான் போட்டேன்!"

"ரொம்ப ஆடாதே. நீ சொல்றது பலிக்க நாலுல ஒரு வாய்ப்புதான்" என்றது பென்சில்.

"உனக்குப் பொறாமைய்யா!"

மூன்றாவது கணக்குக்கு ரப்பர் மேசை முழுக்கத் துள்ளி உருண்டு 'பி'யைக் காட்டியது. தப்பு! குறித்த விடையை அழிக்க வேண்டுமே? ஹேமாவதி அந்தப் பக்கத்தையே தாளில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். தப்பான விடையும் போயிற்று, ரப்பரின் 'பி'யும் போயிற்று.

"ஐயோ, ஒரு பக்கம் போச்சே!" என்று பதறியது பென்சில்.

ரப்பர் தூசியை உதறிக்கொண்டு எழுந்தது.

"போனா போகட்டும்யா. இனிமே மூணுல ஒண்ணு. நம்ம வாய்ப்பு கூடிடுச்சு!"