மலைக்கென்று வாங்கிய எஞ்சின்

ஷோரூமில் ஒரே நிறத்தில் இரண்டு ஸ்டேஷன் வேகன் கார்கள் நின்றன. ஒன்றுக்குப் பெரிய எஞ்சின், மற்றதற்குச் சின்னது. குடும்பத்தோடு வந்த திருஞானம் பெரியதை ஒருமுறை உறுமவிட்டுப் பார்த்தார்.

"மலை ஏறணும்னா இதுதான் சரி," என்று வாங்கியே விட்டார்.

பெரிய எஞ்சினுக்குத் தலைகால் புரியவில்லை. "பாவம், உன்னை யாருடா வாங்குவாங்க?" என்று சின்னதைக் கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டியது.

மூன்று வருடம் ஓடியது. பள்ளிக்கூடம், பல் டாக்டர், காய்கறிச் சந்தை. மூன்றாவது கியருக்கு மேல் வேலையே இல்லை. மலைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டால், "இது குடிக்கிற டீசலுக்கா?" என்பார் திருஞானம்.

ஒருநாள் சிக்னலில் சின்னது பக்கத்தில் வந்து நின்றது. கூரையில் மூட்டை முடிச்சு, சக்கரமெல்லாம் சேறு.

"எங்கேருந்துடா வர்றே?"

"வால்பாறைண்ணே. நாற்பது கொண்டை ஊசி வளைவு."

"நீ எப்படிடா ஏறினே?"

"எங்கே ஏறினேன்? பாதியிலேயே மூச்சு வாங்கிருச்சு. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இறங்கித் தள்ளினாங்க."

பச்சை விழுந்தது. "மலை எப்படிடா இருக்கும்?" என்று பெரியது கேட்பதற்குள் சின்னது போய்விட்டது.

பெரியது இரண்டாவது கியரில் சந்தைப் பக்கம் திரும்பியது.