ஜெசிந்தாவின் கையெழுத்து

புதிய இயங்குதளத்தோடு ஒரு போன் வந்ததால், எங்கள் நிதிச் செயலியை முதலிலிருந்து எழுதினோம். நான் ஓய்வு பெறும் முன் செய்த கடைசி வேலை அது. எண்ணூறு பேர், எழுபது லட்சம் வரி நிரல். குடித்த காபியில் ஒரு ஏரி நிரம்பியிருக்கும். மறுநாள் வெளியீடு. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, பார்வையற்ற சோதனையாளர் ஜெசிந்தாவுடையது. போன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத்தான் அவர் செயலியைச் சோதிப்பார்.

“போட மாட்டேன்” என்றார்.

“அடுத்த வெர்ஷன்ல சரிபண்ணிடலாம் ஜெசிந்தா” என்றார் மேலாளர் ஸ்ரீநாத். “கண்ணு தெரியாதவங்க மொத்தமே நூறு பேரு இருப்பாங்களா?”

“நூத்தியோராவது ஆளா நீங்க வாங்க.” ஸ்ரீநாத்தின் போனை வாங்கி, படிக்கும் குரலைப் போட்டு, திரையை இருட்டாக்கி நீட்டினார் ஜெசிந்தா. “உங்க அக்கவுண்ட்லேருந்து எனக்குப் பத்தே ரூபா அனுப்புங்க. போட்டுடறேன்.”

ஸ்ரீநாத் கறுத்த கண்ணாடியில் விரலை வைத்தார். “பட்டன்” என்றது போன், எந்தப் பட்டன் என்று சொல்லாமல். நகர்த்தினார். “பட்டன்.” இன்னும் நகர்த்தினார். “பட்டன்.”

எண்ணூறு பேரும் மூச்சை நிறுத்தினோம். ஏசிகூட நின்றதாகத்தான் எனக்கு நினைவு.

“ஏதாவது ஒண்ணை அமுக்குங்க ஸ்ரீநாத்” என்றார் ஜெசிந்தா, பேனாவைத் திறந்தபடி. “எல்லாமே பட்டன்தானே.”