ஓணான் கதையும் ஒரு சொட்டு நீலமும்

ரோஜாச் செடிகளுக்கு ஒட்டுக் கட்டும் தெய்வானைக்கு, இடுப்பிலிருக்கும் மடக்குக்கத்தியை விரித்து மடக்கிக்கொண்டே இருந்தால்தான் பேச்சு வரும். அதனாலேயே அதன் திருகாணி அடிக்கடி தளர்ந்து அலகு ஆடியது. ஆடுகிற அலகு, ஒட்டுக்காகச் சீவியெடுக்கும் மொட்டை நசுக்கிவிடும். கத்தியை இரும்புக்கடைக்கு எடுத்துப் போனாள்.

"திருகாணி தளராம இருக்க சிவப்புப் பசை போடுங்கம்மா, ஜென்மத்துக்கும் கழலாது" என்றார் கடைக்காரர்.

"கழட்டிக் கழுவ வேணாமா? ஆடவும் கூடாது, நான் நெனச்சா கழலவும் செய்யணும்."

"அப்போ நீலப் பசை. ஆடாது, திருப்புளி போட்டுத் திருகினா கழலும்."

வீட்டில் அவள் புருஷன் நல்லதம்பி திருகாணியின் மரையில் ஊசிமுனையால் ஒரு சொட்டு நீலம் தொட்டு வைத்து முறுக்கினான். "பசை இறுகணும். காலைல வரைக்கும் கையே வைக்கக்கூடாது" என்று கத்தியை அலமாரியின் உச்சியில் வைத்தான்.

சோறு போடும்போது அவள் ஆரம்பித்தாள். "இன்னைக்கு மேஸ்திரி சட்டைக்குள்ள ஓணான் பூந்துருச்சுங்க. அவரு..." கை இடுப்புக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது. கதை அங்கேயே நின்றுவிட்டது.

"அவரு?"

"வரமாட்டேங்குதுங்க."

அவன் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தான். பாக்குவெட்டியைக் கொடுத்துப் பார்த்தான். ம்ஹூம். கடைசியில் அவனே அலமாரியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

விடிந்ததும் சமையலறையிலிருந்து 'டக்' என்று கேட்டது. ஆட்டமே இல்லாத, கெட்டியான 'டக்'. நல்லதம்பி போர்வையை உதறிவிட்டு ஓடினான்.

"ஓணான் என்னடி ஆச்சு?"

தெய்வானை கத்தியை மடக்கினாள், விரித்தாள். சொல்ல வாயெடுத்தாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது.