சுவருக்கு அந்தப் பக்கம்

கணினி நிரல் எழுதியவர் மேல் ஊருக்கு நம்பிக்கை போய்விட்டால் அவருடைய நிரல்களும் நின்றுவிடும் என்பது சட்டம். கோமுவின் கணவன் சங்கரபாண்டியின் இயந்திர இதயம், நிரல்காரர்களின் தலைவி இன்பவல்லி எழுதிய நிரலில்தான் ஓடியது. இப்போது இன்பவல்லி மேலேயே ஊருக்குச் சந்தேகம் வந்திருந்தது; அவரை நம்புகிறோம் என்று இன்று மாலை ஆறு மணிக்குள் ஊரில் பாதிப் பேராவது கைரேகை வைக்க வேண்டும். கோமு வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் திரட்டினாள். கடைசியில் ஒரே ஒரு ரேகை குறைந்தது.

இன்னும் கேட்காமல் மிச்சமிருந்தவர் பக்கத்து வீட்டுப் பலவேசம் மட்டும்தான். இன்பவல்லியின் நிரல் லாரிகளைத் தானாக ஓட்டத் தொடங்கியதும் வேலை போனவர். போதாததற்கு, சங்கரபாண்டியின் இதயம் டக்டக்கென்று கேட்கிறது என்று தினமும் சுவரைத் தட்டுபவர்.

"அண்ணாச்சி..." என்றாள் கோமு.

"அந்தப் பொம்பளைய நான் சாவுற வரைக்கும் நம்ப மாட்டேன்" என்றபடியே அவள் நீட்டிய கருவியில் பெருவிரலை அழுத்தினார் பலவேசம். "இது ஒம் புருசனுக்கு. போம்மா, அவன் பயந்துபோய்க் கெடப்பான்."

ஆறு மணி தாண்டியும் டக்டக் நிற்கவில்லை. கோமு கணவனின் நெஞ்சில் காதை வைத்து அழுதாள்.

சுவர் தட்டப்பட்டது. "சத்தத்தக் கொறைக்கச் சொல்லும்மா."

"கொறையாது அண்ணாச்சி" என்றாள் கோமு.